அலுமாரியில் இருந்த பதவி

எங்கள் சொஃப்ட்வெயர் கந்தோரில் சம்பளம் கூடாத வருடங்களில் பதவி கூடும். கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த நாள் நான் எல்லாருடைய மேசைப் பெயர்ப்பலகைகளையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவேன். ட்ரெயினி அசோசியேட் ஆவார், அசோசியேட் எஞ்சினியர் ஆவார், எஞ்சினியர் சீனியர் ஆவார். செய்கிற வேலை நேற்றுச் செய்ததுதான், இருக்கிற கதிரையும் நேற்று இருந்ததுதான். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒஃபிஸ் அசிஸ்டன்ட், பிறகு அட்மின் எக்சிக்கியூட்டிவ், கடைசியில் 'பீப்பிள் அண்ட் கல்ச்சர் பார்ட்னர்'. மூன்றிலும் நான் பார்த்தது ஒரே வேலை: ஜெனரேற்றருக்கு டீசல் வாங்குவது, பால்மா முடிந்தால் வாங்கி வைப்பது, இந்தப் பலகைகளை மாட்டுவது. முருங்கனில் அப்பாவிடம் என் கடைசிப் பதவியைச் சொன்னபோது அவர் நெல்லுச் சாக்கைத் தைத்துக்கொண்டே, "அப்ப இனி டீசல் ஆர் வாங்கிறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப சரி" என்று விட்டுவிட்டார்.

பலகையை மாற்ற விடாதவர் ஒரே ஒருவர். அவருடைய மேசையில் கிளை திறந்த நாளில் வைத்த பலகையே கடைசிவரை இருந்தது. 'புரோகிராமர்' என்று அதில் எழுதியிருக்கும், மேலே பெயர்கூட அரைவாசி அழிந்திருக்கும். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டதால் பெயர் அழிந்தது ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. மன்னார்க் கிளையில் ஆக மூத்தவர் அவர். நாற்பதைத் தாண்டியவர், கலியாணம் கட்டவில்லை, மன்னார்த் தீவின் வடகரையில் ஒரு கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை, தாயோடு இருந்தார். காலையில் வந்ததும் செருப்பை மேசைக்குக் கீழே கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குவார். எழுதும்போது உதடு அசையும். செபமாலை சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த ஆவணத்தை வரி வரியாக வாசித்து, வாசித்ததை அப்படியே கணினிக்குள் இறக்கிக்கொண்டிருப்பார்.

"எழுதச் சொன்னதை எழுதிறன், தங்கச்சி. அவ்வளவுதான் என்ர தொழில்." இதை ஒரு நாளைக்கு ஒருதரமாவது சொல்லுவார். பெருமையும் இல்லை, சலிப்பும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரித்தான் சொல்வார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பதவியை நீட்டி முழக்கிச் சொல்லுகிற இடத்தில், ஒருவர் தன் பதவியைக் குறைத்துச் சொல்வது நிம்மதியாக இருந்தது.

ஒருமுறை விசிட்டிங் கார்ட் அச்சடிக்கக் கொடுக்கவேண்டியிருந்தது. எந்தப் பெயருக்கு எதைப் போடுவதென்று எனக்குக் குழப்பம். மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன். அவர் புட்டும் திருக்கைக் கறியும் கொண்டுவந்திருந்தார்.

"புரோகிராமருக்கும் டெவலப்பருக்கும் எஞ்சினியருக்கும் என்ன வித்தியாசம் அக்கா? எல்லாரும் தட்டுறது ஒரே கீபோட்டைத்தானே?"

அக்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "சொன்னதை எழுதினால் புரோகிராமர். சொன்னதை வைச்சு ஆக்கள் பாவிக்கிற மாதிரி ஒரு சாமான் செய்துகுடுத்தால் டெவலப்பர். அது விழுந்தால் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது எண்டு தெரிஞ்சால், அந்த ஆள் எஞ்சினியர்."

"ஆர்கிடெக்ட்?"

"விழேக்குள்ள கொழும்பில இருக்கிறவர்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திருக்கை முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு முதலாவது போதும்" என்றார்.

அந்தச் சாப்பாட்டு நேரங்களில்தான் அவருடைய வீட்டுக் கதைகள் எனக்குத் தெரிய வந்தன. நான் வயல் பக்கத்துப் பெண். கடல் எனக்குத் தூரத்தில் தெரிகிற ஒரு கோடு மட்டும். அவர்தான் வாடியைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்தினார். வாடைக்காற்று தொடங்கினால் தீவின் வடக்குக் கடல் குழம்பிவிடும். வடகரை ஆண்கள் படகையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு தெற்கே சிலாவத்துறை, முள்ளிக்குளம் பக்கம் போய்க் கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். அந்தக் கொட்டில்தான் வாடி. காற்று மாறினால் திரும்பி வருவார்கள். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முன்பெல்லாம் சமைத்துப்போடப் பெண்களும் கூடப் போவார்களாம். அக்கா பிறந்ததே அப்படி ஒரு வாடியில்தான்.

"அதாலதான் உனக்கு ஒரு இடமும் ஒட்டாது எண்டு அம்மா ஏசுவா" என்றார்.

தாய்க்கு வேறு மனவருத்தம் இருந்தது. கந்தோர்க் கடிதத்தில் எஞ்சினியர் என்று இருக்கும்போது மகள் ஏன் ஊரில் புரோகிராமர் என்று சொல்லித் திரிகிறாள் என்பதுதான் அது. தாய் தன் பங்குக்கு எல்லாரிடமும் எஞ்சினியர் என்றே சொல்லிவிட்டிருந்தார். அதன் விளைவாக ஒருநாள் அவர்களுடைய ஊர்க் கோயில் சபைத் தலைவர், கீழே இரும்புக்கடையைத் தாண்டி, படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் கந்தோருக்கே வந்துவிட்டார். நான் கதிரை போட்டுச் சோடா கொடுத்தேன்.

"பிள்ளை எஞ்சினியரெண்டு கொம்மா சொன்னவ. கோயில் முன்தூணில ஒரு வெடிப்பு விட்டிருக்கு. ஒருக்கா வந்து பாத்துச் சொன்னால் பெரிய உதவி."

"அண்ணை, நான் புரோகிராமர். தூணைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

"கடிதத்தில எஞ்சினியர் எண்டு கிடக்காமே?"

"கடிதத்தில கிடக்கட்டும். தூணுக்குக் கீழ ஆக்களெல்லோ நிப்பினம்."

அவர் அரை மனதோடு எழுந்தார். படிவாசலில் நின்று, "சம்மந்தம் பேச வாறவைக்கும் இப்பிடியே சொல்லுவீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். அக்கா ஓம் என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று முழுக்கக் கந்தோரில் இதே கதைதான். எவ்வளவு நேர்மையான மனுசி என்று நான் வீட்டில் போய் அம்மாவுக்கும் சொன்னேன்.

நேர்மைதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேர்மைக்குள் ஒரு மறைவிடமும் இருந்தது. அது எனக்கு முதன்முதலில் தட்டுப்பட்டது பாடசாலை விஷயத்தில்.

பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் பெற்றோருக்கு உடனே குறுஞ்செய்தி போகிற ஒரு ஏற்பாட்டை எங்கள் கிளை செய்தது. ஆவணம் கொழும்பிலிருந்து வந்தது, புரோகிராமை எழுதியவர் அக்கா. சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு அவருடைய ஊர்க் கோயில் திருநாள் வந்தது. அன்றைக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை. புனிதருடைய சுரூபம் வீதிக்கு வந்து, பாட்டுக் குழு பாடிக்கொண்டிருக்க, ஊரில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அடித்தன. உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை. பக்கத்தில் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தும் சில தாய்மார் பதறினார்களாம். ஒரு தகப்பன் கூட்டத்துக்குள் மகனைக் கண்டுபிடித்து முதலில் ஒரு அடி போட்டுவிட்டுத்தான் யோசித்தாராம். பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்த பிறகு நான் கேட்டேன். "நீங்களும் திருநாளுக்கு லீவு எடுத்தனீங்கள்தானே அக்கா. அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"எழுதேக்குள்ளயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"கேக்கேல்லை. உள்ளூர் லீவு நாள் பாக்கிறது அனலிஸ்டின்ர வேலை. நான் அனலிஸ்ட் இல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கால் மடித்திருந்தபடியே, மொனிற்றரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நான் டீசல் வாங்குகிற ஆள், எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் கடல் எச்சரிக்கை வேலை வந்தது.

ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பின் காசில் நடந்த வேலை. மீனவக் குடும்பங்கள் தங்கள் போன் இலக்கத்தையும் ஊரையும் பதிந்துவிட்டால் போதும். தினமும் பின்னேரம் அந்த ஊர்க் கடலுக்கு அடுத்த நாள் எப்படி என்று செய்தி வரும். ஆபத்து என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்றுதான் நிறம் வைத்தார்கள். ஆவணத்தை அனலிஸ்ட் எழுதினார், வடிவத்தை ஆர்கிடெக்ட் கீறினார். இரண்டு பேரும் கொழும்பு. மீனவர் எந்தக் கடலில் நிற்கிறார் என்பதற்கு ஆவணத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஊர்.

உதவி அமைப்பின் கடதாசிகளில் பொறுப்பாளர் என்று ஒரு சீனியர் எஞ்சினியரின் பெயர் இருக்கவேண்டுமாம். அதற்குக் கீழ்ப் பதவி என்றால் ஏற்கமாட்டார்களாம். கொழும்பிலிருந்து அக்காவுக்கு சீனியர் சொஃப்ட்வெயர் எஞ்சினியர் என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு பெட்டி விசிட்டிங் கார்ட்டும் வந்தது. அக்கா கடிதத்தில் கையெழுத்து வைத்தார். பெட்டியைத் திறக்காமலே என்னிடம் தந்தார்.

"அலுமாரிக்குள்ள வை தங்கச்சி. பேப்பருக்குத் தேவையெண்டால் பேப்பரில போடட்டும். பலகையை மட்டும் மாத்தாதை."

அங்குரார்ப்பண விழா நகர மண்டபத்தில் நடந்தது. மேடையில் எல்லாருடைய பதவிகளையும் ஒலிவாங்கியில் வாசித்தார்கள். அக்கா பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்து பற்றிஸ் சாப்பிட்டார்.

இனி நடந்ததைச் சொல்லவேண்டும். அதைப் பலமுறை சொல்லியாயிற்று. இப்போதெல்லாம் அது வேறு யாருக்கோ நடந்த மாதிரித்தான் என் வாயிலிருந்து வருகிறது.

வாடைக்காலம். வடகரையைச் சேர்ந்த ஒருவர் வழக்கம்போல முள்ளிக்குளத்துக்கு இங்காலே வாடி போட்டிருந்தார். வாடியில் சிக்னல் கிடைப்பது கஷ்டம் என்பதால் பதிவில் மனைவியின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். ஊர் என்ற இடத்தில் சொந்த ஊர். வேறு எதைக் கொடுப்பார்? மனைவியின் பெயர் றோசலின். தினமும் பின்னேரம் ஊரில் அவருடைய போனுக்கு நிறம் வரும். பொழுதுபடுகிற நேரத்தில் கணவர் மணல்மேட்டில் ஏறி நின்று மனைவிக்குப் போன் எடுப்பார். றோசலின் நிறத்தைச் சொல்லுவார். அன்றைக்கு வடக்குக் கடல் அதிசயமாக அடங்கிக் கிடந்தது, தெற்குக் கடலுக்கு மட்டும்தான் எச்சரிக்கை. தெற்குக் கரை ஊர்க்காரருடைய போன்களில் சிவப்பு வந்தது. றோசலினுடைய போனில், வடகரைக் கடலுக்கு உரியபடி, பச்சை வந்தது.

அடுத்த நாள் காலையில் காற்று எழும்பியது. கூடப் போனவரை ஒரு பெரிய படகு காப்பாற்றியது. றோசலினுடைய கணவரின் உடல் பிறகு கரை ஒதுங்கியது.

கொழும்போடு காணொளிக் கூட்டம் நடந்தது. திரையைப் பொருத்திக் கொடுத்தது நான் என்பதால் நானும் மூலையில் இருந்தேன். அனலிஸ்ட் சொன்னார், தனக்குத் தரப்பட்ட விவரங்களில் இடம்பெயர்ந்து தொழில் செய்வது பற்றி எதுவும் இல்லை என்று. ஆர்கிடெக்ட் சொன்னார், தான் ஆவணத்துக்கு ஏற்பத்தான் வடிவமைத்ததாக. சோதனை செய்த கியூஏ சொன்னார், ஊரைக் கொடுத்தால் அந்த ஊர்க் கடலின் நிறம் வருகிறதா என்று பார்த்தோம், வந்தது என்று. புரொஜெக்ட் மனேஜர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் பதவிக்கு உரிய வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். கடைசியில் 'தகவல் இடைவெளி' என்று முடிவு எழுதப்பட்டது. அதில் ஒரு பெயரும் இல்லை. அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவருடைய கால் மடிந்திருக்கவில்லை, இரண்டு பாதமும் நிலத்தில் இருந்தன.

பின்னேரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இறந்தவருடைய குடும்பத்தோடு ஊழியர் எவரும் பேசக்கூடாது என்பதை எல்லாருக்கும் தெரியப்படுத்தவும். பீப்பிள் அண்ட் கல்ச்சர் பார்ட்னரின் வேலை அது. நான் தெரியப்படுத்தினேன்.

சில கிழமை போனது. அக்கா வந்தார், எழுதினார், போனார். உதடு அசைவது நின்றிருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தார். வருத்தமோ என்று கேட்டேன்.

"அம்மா பக்கத்து ஊர்க் கோயிலில அந்த மனுசியைக் கண்டவவாம்" என்றார். "தான்தான் அவரைப் போகச் சொல்லிச் சாகடிச்சதெண்டு சொல்லித் திரியுதாம். நான்தான் கொண்டனான், நான்தான் கொண்டனான் எண்டு. அழுகையும் இல்லையாம், சாப்பாடும் இல்லையாம். பிள்ளையளோடயும் கதைக்கிறேல்லையாம்."

தலை சும்மா வெறுமையாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை பதவியோடு கை கழுவிய ஒன்று, கடைசியில் பதவியே இல்லாத ஒரு மனுசியின் தலையில் போய் இறங்கியிருக்கிறது. அது மட்டும் எனக்கு விளங்கியது.

"தங்கச்சி, அந்தக் கார்ட் பெட்டி கிடக்கோ?"

அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா நகத்தால் ஒட்டுத்தாளைக் கீறி, மேலே இருந்த ஒரு கார்ட்டை எடுத்தார். பின்பக்கத்தில் தன் சொந்தப் போன் இலக்கத்தை எழுதினார். பெட்டியை மூடித் திரும்ப என்னிடமே தந்தார்.

"மெயில் வந்ததுதானே அக்கா" என்றேன். "அனுப்பினதே நான்தான்."

"ஓம். வாசிச்சனான். நீ வரவேண்டாம்."

நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலே இறங்கினேன்.

றோசலினுடைய வீடு அந்தக் கோயிலுக்குப் பின்பக்கம் இருந்தது. வாசலில் வலை ஒன்று குவிந்து கிடந்தது, ஒருவரும் தொட்ட மாதிரி இல்லை. மூத்த மகள், கலியாணம் கட்டிய பெண், எங்களை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். றோசலின் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். போன் மடியில் கிடந்தது. கந்தோர்ப் பெயரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு பேப்பரிலயும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"பேப்பர் ஒண்டும் இல்லை" என்று அக்கா அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, கார்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். றோசலின் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். மகள் எழுத்துக்கூட்டி வாசித்தார். சீனியர் சொஃப்ட்வெயர் எஞ்சினியர்.

"எண்டால்?" என்றார் றோசலின்.

"அந்த நிறம் அனுப்பிற சாமானைச் செய்தது நான். அது பிழைச்சால் பிடிச்சுக் கேக்கவேண்டிய ஆள் நான்தான் எண்டு அர்த்தம்."

"அது பிழைக்கேல்லை." றோசலின் நிதானமாகச் சொன்னார், பலபேருக்குச் சொல்லிப் பழகிய குரலில். "அண்டைக்கு இஞ்ச கடல் நல்லாத்தான் கிடந்தது. அது சரியாத்தான் பச்சை காட்டினது. அவர்தான் காத்து ஒரு மாதிரிக் கிடக்கு, யோசிக்கிறன் எண்டவர். நான் விசரி, பச்சை எண்டு கிடக்கு, போங்கோவன் எண்டு சொன்னனான். நான்தான் கொண்டனான்."

"இல்லை. அது இந்தக் கடலுக்கு வந்த பச்சை. அவர் நிண்டது அங்க. இப்ப எந்தக் கடலில நிக்கிறார் எண்டு அது உங்களைக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. கேக்க வைக்கவேண்டியது நான்."

றோசலின் முதல்தரமாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். "ஆம்பிளையள் வாடிக்குப் போறது உங்களுக்குத் தெரியாதோ? நீங்கள் எந்த ஊர்?"

"நானும் இந்தக் கரைதான். நான் பிறந்ததே வாடியில."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. மகள் கார்ட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"தெரிஞ்சிருந்துமோ?"

"ஓம். தெரிஞ்சிருந்தும் கேக்கேல்லை. எழுதச் சொன்னதை எழுதினால் போதும், மிச்சம் வேற ஆற்றையோ வேலை எண்டு விட்டிட்டன். எஞ்சினியர் எண்டு என்னை நானே நினைச்சிருந்தால் கேட்டிருப்பன். நீங்கள் பச்சையைப் பாத்துப் பச்சை எண்டு சொன்னீங்கள். உங்களில பிழை இல்லை. பிழை என்னில."

அதற்குப் பிறகு றோசலின் ஏசத் தொடங்கினார். நீங்கள் என்பது நீ ஆனது. நீ நல்லாயிருப்பியோ, நீயும் ஒரு கடற்காரன்ர பிள்ளையோ, உனக்குப் படிப்பு எதுக்கு, உன்ர கையில புழுப் பிடிக்க. அவர் எழுந்து நின்று ஏசினார். அக்காவும் எழுந்து நின்றார். தலையைக் குனியவில்லை, நிமிர்த்தவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஓம், ஓம் என்றார். ஏசிக்கொண்டிருந்த குரல் நடுவில் உடைந்து அழுகையானது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பிடித்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பிறகும் வரவில்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

நாங்கள் வெளிக்கிடும்போது உள்ளே றோசலினுடைய குரல் மகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேட்டது. மகள் படலைவரை வந்தார். "அம்மா அழுதது இண்டைக்குத்தான்" என்றார். நன்றி சொல்வதா, போ என்று சொல்வதா என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

கொழும்புக்குச் செய்தி போனது. விளக்கம் கேட்டார்கள். அக்கா ஒரே வரியில் பதில் அனுப்பினார்: பொறுப்பாளர் என்று என் பெயரை நீங்கள்தான் எழுதினீர்கள். அவரை விலக்கிவிட்டார்கள். போவதற்கு முந்திய கடைசிக் கிழமை அவர் இடைவிடாமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் ஆவணம் ஒன்றும் இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். பின்னேரம் நிறம் அனுப்புவதற்கு முன்னால் போனில் ஒரு கேள்வி வரும்: இப்போது எந்தக் கடலில் நிற்கிறீர்கள்? பதில் வந்தால்தான் நிறம் போகும். யாரும் எழுதச் சொல்லாத ஒன்றை அக்கா எழுதியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பலகையை என்ன செய்வது என்று கேட்டேன். எறி என்றார். நான் எறியவில்லை. அலுமாரிக்குள் அந்தக் கார்ட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கிளையையே மூடினார்கள், அலுமாரி யாரிடம் போனதோ தெரியாது. எனக்கு இப்போது முருங்கனில் ஒரு அரிசி ஆலையில் வேலை. பதவி கிளார்க், பலகை இல்லை.

அக்காவைக் கடைசியாகக் கண்டது போன வருடம், முருங்கன் பஸ் தரிப்பில். நல்ல வெயில். ஆஸ்பத்திரிக்குத் தாயைக் காட்ட வந்திருந்தார். தாய் சீமெந்து ஆசனத்தில் சாய்ந்து நித்திரை. இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தெரிந்தவர்களுடைய கடைகளுக்குச் சின்னச் சின்ன வேலை செய்து கொடுப்பதாகச் சொன்னார். யாரும் பதவியைக் கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் ஆசனத்திலிருந்து எழுந்து நின்றார். போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பஸ் ஒன்று வந்தது, ஆட்களை இறக்கியது, ஏற்றியது, போனது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. ஏச்சு, பிறகு அழுகை.

"அந்தப் புருசன் செத்த மனுசி, மாசத்தில ரெண்டு மூண்டு தரம் எடுப்பா" என்று தாய் கண் திறக்காமலே எனக்குச் சொன்னார். "செபம் சொல்லிக்கொண்டிருந்தாலும் இவள் எழும்பிப் போய்க் கதைப்பாள்."

அக்கா வெயிலில்தான் நின்றார். நிழலுக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினேன், பார்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"ஓம். நான்தான். கேளுங்கோ."